ஐந்தாம் மாத ஸ்கேன்: எப்போது எடுப்பது, என்னவெல்லாம் தெரியும்?

சென்னிமலை_நூல் | திங்கள், காலை 10:05

வணக்கமுங்க. எனக்கு இப்போது 17 வாரம், முதல் குழந்தை. மூன்றாம் மாதம் குரோமோசோம் கோளாறு பார்க்க எடுத்த என்.டி. ஸ்கேனும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் நல்லபடியாக வந்தன. அடுத்து ஐந்தாம் மாதத்தில் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் அனாமலி ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாமியாருக்கு அதில் இஷ்டமில்லை. "மூணு மாசத்துலயே பார்த்தாச்சு, எல்லாம் நல்லா இருக்குன்னுட்டாங்க, இன்னொருக்கா எதுக்கு? வேணும்னா வளைகாப்பு முடியட்டும்" என்கிறார். மாமியார் எனக்குச் சொந்த அத்தைதான். அவர் மகனைத்தான் கட்டியிருக்கிறேன். அந்தப் பயமும் மனதில் ஓரமாகக் கிடக்கிறது.

ஸ்கேனைத் தள்ளிப் போடலாமா? சொந்தத்தில் கட்டியதால் வரும் கோளாறு எல்லாம் இதில் தெரிந்துவிடுமா? நார்மல் என்று வந்துவிட்டால் அதோடு நிம்மதியாக இருக்கலாமா? விவரம் தெரிந்த அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

நொய்யல்_கரை | திங்கள், காலை 10:31

தள்ளிப் போடாதே அம்மணி. 18 வாரம் முடிந்ததும் 20-க்குள் எடுத்துவிடு. 22 வரை எடுக்கலாம் என்று சொல்வார்கள், அதை நம்பி இழுத்தால் பின்னால்தான் கஷ்டம். ஸ்கேனில் சந்தேகம் ஏதாவது வந்தால் பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். அதில் முழு குரோமோசோம் ரிசல்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகும். கருவைக் கலைக்கச் சட்டம் வைத்திருக்கும் கணக்கு 24 வாரம். 22-ல் ஸ்கேன் எடுத்துவிட்டு அதற்குள் எதை யோசிப்பது, யாரைப் பார்ப்பது? வளைகாப்பு முடியட்டும் என்றால் ஏழாவது மாதம் ஆகிவிடும். அத்தையிடம் வேறு எதுவும் பேச வேண்டாம், இந்த நாள் கணக்கை மட்டும் சொல்லிப் பார்.

கோவை_ஸ்கேன்ரூம் | திங்கள், மதியம் 2:40

ரேடியாலஜி டாக்டர் நான். இங்கே யாருடைய ரிப்போர்ட்டுக்கும் தீர்ப்பு சொல்ல மாட்டேன், பொதுவாக மட்டும் சொல்கிறேன்.

மூன்றாம் மாத ஸ்கேனும் ஐந்தாம் மாத ஸ்கேனும் ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. முதலாவதை 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை எடுப்போம். குழந்தை அப்போது 45 முதல் 84 மில்லிமீட்டர் நீளம். கழுத்துக்குப் பின்னால் தோலுக்கடியில் சேரும் நீரின் அளவை எடுத்து, தாயின் வயதையும் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்து, டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடுகிறோம். மண்டை ஓடே உருவாகாத அனென்செபலி மாதிரி சில பெரிய குறைகள் அப்போதே தெரிந்துவிடும். ஆனால் இதயம், மூளை, முதுகுத்தண்டு, சிறுநீரகம் ஆகியவற்றை உறுப்பு உறுப்பாகப் பார்க்க ஐந்தாம் மாதம் வர வேண்டும்.

அந்த ஸ்கேனில் தலையிலிருந்து ஆரம்பிப்போம். மூளைக்குள் நீர் தேங்கும் அறைகள் 10 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சிறுமூளையின் வடிவம் முக்கியம். முதுகுத்தண்டு எங்காவது மூடாமல் திறந்திருந்தால் பல நேரம் அதைத் தலைதான் முதலில் காட்டிக்கொடுக்கும்: நெற்றியின் இரு பக்க எலும்பும் உள்வாங்கியிருக்கும், சிறுமூளை வளைந்து பின்னுக்கு இழுபட்டிருக்கும். எலுமிச்சை அறிகுறி, வாழைப்பழ அறிகுறி என்று எங்கள் புத்தகத்திலேயே பெயர். அதைப் பார்த்த பிறகு முதுகை ஒவ்வொரு எலும்பாகத் தேடிப் போவோம். அப்புறம் உதடு, உதரவிதானம், வயிற்றுச் சுவர், சிறுநீரகம், சிறுநீர்ப்பை, கை கால் நீள எலும்புகள், பாதம், நஞ்சுக்கொடி, நீரின் அளவு.

நேரத்தை அதிகம் தின்பது இதயம். மொத்தமே இரண்டு சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்கும், நிமிடத்துக்கு 140, 150 தடவை துடித்துக்கொண்டிருக்கும். நான்கு அறையும் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. இடது அறையிலிருந்தும் வலது அறையிலிருந்தும் கிளம்பும் பெரிய ரத்தக் குழாய்கள் ஒன்றை ஒன்று குறுக்கே கடக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். குழந்தை முதுகை மேலே வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டால் இதில் ஒன்றும் தெரியாது. "கொஞ்சம் வராண்டாவில் நடந்துவிட்டு வாங்க" என்று அனுப்புவோம். அப்படி அனுப்பினால் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது பத்து நிமிடத்தில் எல்லாம் சரி என்று எழுதிக் கொடுக்கும் இடத்துக்குத்தான்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இங்கிலாந்தின் தேசிய ஸ்கிரீனிங் திட்டம் தன் மையங்களுக்கு வைத்த இலக்குகளைப் பாருங்கள். அனென்செபலியில் 98 சதவீதம் பிடிபட வேண்டும், திறந்த முதுகுத்தண்டில் 90, உதட்டுப்பிளவில் 75, உதரவிதானத் துளையில் 60. பெரிய இதயக் குறைகளுக்கு வைத்த இலக்கு 50 சதவீதம்தான். நல்ல பயிற்சி, நல்ல மெஷின் உள்ள நாட்டிலேயே அந்த அளவு. சின்ன இதய ஓட்டை, உதடு நன்றாக இருந்து உள்ளே மட்டும் இருக்கும் அண்ணப்பிளவு, காது கேளாமை, ஆட்டிசம், இவையெல்லாம் தெரியாமல் போகலாம், அல்லது ஸ்கேனில் தெரியவே முடியாது. ஆகவே நார்மல் என்றால், அன்றைக்குப் பார்க்க முடிந்தவை சரியாக இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள்_மண்டி | திங்கள், மாலை 6:15

அதாவது 50 சதவீதம்தான் தெரியும், ஆனால் காசு முழுசாக வாங்கிக்கொள்வார்கள். நான் ஈரோட்டுக்காரன், அறுபது தாண்டியாச்சு. என் அம்மா எட்டுப் பெற்றாள், ஒரு ஸ்கேன் இல்லை, ஒரு ஊசி இல்லை. எல்லாம் வீட்டில்தான். இப்போது மாதம் ஒரு ஸ்கேன், ஒவ்வொன்றிலும் ஒரு சந்தேகம், அதற்கு ஒரு டெஸ்ட். குழந்தைக்கு ரேடியேஷன் வேறு.

பவானி_கூடல் | திங்கள், இரவு 7:02

எட்டுப் பெற்றார்கள் சரிங்க ஐயா, எட்டும் நின்றதா? எங்கள் அம்முச்சி பதினொன்று பெற்று ஆறைத் தேற்றினார். மீதிக்கு என்ன ஆனது என்று கேட்டால் "சீர் தட்டிருச்சு", "நீலமாப் போச்சு", "பால் குடிக்கல" என்பார். நீலமாகப் போன குழந்தைக்கு இதயத்தில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? குறை அப்போதும் இருந்தது, எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

மாதம் ஒரு ஸ்கேன் தேவையில்லை என்பதில் உங்கள் பக்கம்தான் நான். தேவையான ஒன்றைத் தேவையில்லாத ஐந்தோடு சேர்த்துத் திட்டாதீர்கள்.

பீளமேடு_பவுண்டரி | திங்கள், இரவு 8:20

ரேடியேஷன் பேச்சு வந்ததால் நுழைகிறேன். எக்ஸ்ரே வேறு, இது வேறு. இது வெறும் ஒலி, காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில். எங்கள் பவுண்டரியில் வார்ப்புக்குள் விரிசல், காற்றுக்குமிழி இருக்கிறதா என்று பார்க்க அல்ட்ராசோனிக் டெஸ்டிங் என்று ஒன்று வைத்திருக்கிறோம். பம்பு வார்க்கும் கோயமுத்தூரில் அதைப் பார்க்காத ஆள் குறைவு. கர்ப்பிணி ஸ்கேனுக்கு அதுதான் அண்ணன். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து டாக்டர் இயன் டொனால்டு 1955-ல் வயிற்றிலிருந்து எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு பாய்லர் கம்பெனிக்குப் போய், இரும்பில் விரிசல் பார்க்கும் மெஷினில் வைத்துப் பார்த்தார். 1958-ல் கட்டுரை வந்தது. அங்கிருந்து வந்ததுதான் இத்தனையும்.

நாங்களும் உலோகத்தில் கிரீஸ் தடவித்தான் புரோபை வைப்போம். இடையில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. வயிற்றில் ஜெல் தடவுவதும் அதற்குத்தான்.

தாராபுரத்தான் | செவ்வாய், காலை 7:48

எங்கள் வீட்டுக் கதை. மனைவிக்கு 20 வாரத்தில் ஸ்கேன். ரிப்போர்ட்டில் இதயத்தின் இடது அறையில் ஒரு வெள்ளைப் புள்ளி என்றும், ஒரு சிறுநீரகத்தில் 5 மில்லிமீட்டர் வீக்கம் என்றும் எழுதியிருந்தார்கள். எழுதியவர் எதுவும் விளக்கவில்லை, "உங்க டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்று கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார். டாக்டரைப் பார்க்க இரண்டு நாள் கழித்துத்தான் டோக்கன். அதற்குள் வீட்டில் அழுகை, மாமனார் ஜோசியரைப் பார்க்கப் போய்விட்டார், நான் இணையத்தில் தேடித் தேடித் தூக்கத்தைத் தொலைத்தேன். கடைசியில் டாக்டர் சிரித்துக்கொண்டே "ஒன்றுமில்லை, 32 வாரத்தில் சிறுநீரகத்தை மட்டும் மறுபடி பார்ப்போம்" என்றார். ஒன்றுமில்லாததை ஏன் எழுத வேண்டும்?

கோவை_ஸ்கேன்ரூம் | செவ்வாய், மதியம் 1:55

எழுதாமல் விட்டால் தப்பு, எழுதிவிட்டு விளக்காமல் அனுப்பியது அதைவிடத் தப்பு. இவற்றை சாஃப்ட் மார்க்கர் என்போம். இதயப் புள்ளி, மூளைக்குள் சின்ன நீர்க்கட்டி, சிறுநீரகத்தில் லேசான வீக்கம், இவை நோய் இல்லை. குரோமோசோம் கோளாறு உள்ள குழந்தைகளில் கொஞ்சம் அதிகமாகக் காணப்படுபவை, அவ்வளவுதான். மூன்றாம் மாத ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் குறைந்த வாய்ப்பு என்று சொல்லியிருக்க, இதயப் புள்ளி மட்டும் தனியாக இருந்தால் அதற்காக ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டியதில்லை.

எல்லா மார்க்கரும் ஒரே எடை இல்லை. மூக்கெலும்பு தெரியாதது, கழுத்துத் தோல் 6 மில்லிமீட்டரைத் தாண்டித் தடித்திருப்பது, இரண்டு மூன்று மார்க்கர் சேர்ந்து வருவது, இவற்றுக்கு உட்கார்ந்து பேச வேண்டும். சிறுநீரகத்துக்கு 28 வாரத்துக்கு முன் 4 மில்லிமீட்டர், அதன் பிறகு 7 என்று ஒரு எல்லை வைத்திருக்கிறோம். உங்கள் 5 அந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டியதால்தான் மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார். பெரும்பாலும் தானாகச் சரியாகும். ஆகாவிட்டால் பிறந்த பிறகு சிறுநீர்த் தொற்று வராமல் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

காங்கேயம்_மேற்கு | செவ்வாய், மாலை 5:30

சொந்தத்தில் கட்டுவதைப் பற்றிச் சகோதரி கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நம் பக்கம் கூட்டம், அதாவது அப்பா வழிக் குலம் பார்த்துத்தானே கட்டுகிறோம். பங்காளிக்குள் பெண் எடுப்பதில்லை, கொடுப்பதில்லை. காடை கூட்டத்துக்காரன் ஆந்தை கூட்டத்தில் பெண் எடுத்தால் ரத்தம் எப்படி ஒன்றாகும்? பெரியவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

பவானி_கூடல் | செவ்வாய், மாலை 6:44

பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துபவன் என்பதால் சொல்கிறேன். கூட்டம் அப்பா வழியில் மட்டும் வருகிறது. மரபணு அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி வருகிறது. அத்தை கல்யாணமாகிப் போனதும் அவர் பிள்ளைக்குக் கூட்டப் பெயர் மாறிவிடுகிறது. ஆனால் அந்தப் பிள்ளைக்கும் உங்களுக்கும் அதே தாத்தா, அதே பாட்டி. கூட்டம் பார்ப்பது நான்கு தாத்தா பாட்டி வழியில் ஒரு வழியை மட்டும் அடைக்கிறது, மற்ற வழிகள் திறந்தே கிடக்கின்றன. அத்தை மகன், மாமன் மகள் என்றால் மரபணுவில் எட்டில் ஒரு பங்கு பொது. தாய்மாமனையே கட்டினால் நான்கில் ஒரு பங்கு.

எல்லாக் குழந்தைக்கும் பொதுவாக நூற்றுக்கு இரண்டு மூன்று என்ற அளவில் பெரிய பிறவிக் குறைக்கு வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் கட்டினால் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அப்படியும் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் நல்லபடியாகவே பிறக்கின்றன. சகோதரி பயப்பட வேண்டியதும் இல்லை, கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதும் இல்லை. ஒரே குடும்பத்தில் ஒரே மாதிரி நோயில் குழந்தைகள் போயிருக்கின்றனவா என்று இரண்டு பக்கமும் விசாரித்து டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தக் குடும்பக் கதை எந்த மெஷினுக்கும் தெரியாது.

கோவை_ஸ்கேன்ரூம் | செவ்வாய், இரவு 9:10

மேலே சொன்னதோடு ஒன்று. சொந்தத்தில் வரும் கோளாறுகளில் பெரும்பங்கு ஸ்கேனில் தெரியாத ரகம். இரண்டு பக்கமும் ஒரே பழுதான மரபணு வந்து சேரும்போது வரும் தலசீமியா, தசை நலிவு நோயான எஸ்.எம்.ஏ., வளர்சிதை மாற்றக் கோளாறுகள், பிறவிக் காது கேளாமை, இவற்றில் குழந்தையின் உருவம் நன்றாகவே இருக்கும். அதற்குக் கணவன் மனைவி இருவருக்கும் ரத்தப் பரிசோதனை, மரபணு ஆலோசனை என்று தனிப் பாதை இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்போ, கர்ப்பத்துக்கு முன்போ அதைச் செய்தால் நேரம் கிடைக்கும்.

நிர்வாகி | புதன், காலை 6:50

ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். "ஐந்தாம் மாதத்தில் ஆணா பெண்ணா தெரியும்தானே, சொல்கிற இடம் எங்கே" என்று கேட்டிருந்தார் ஒருவர். 1994-ம் ஆண்டுச் சட்டம், 1996-லிருந்து அமலில் இருக்கிறது. சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம். கேட்டு வருபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். ஸ்கேனுக்கு முன் உங்களிடம் எஃப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது இதற்காகத்தான். பெண் சிசுக் கொலையால் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-ல் சேலத்தில்தான் தொடங்க வேண்டியிருந்தது. நம் மண்ணுக்கு இதில் பழைய கணக்கு உண்டு. மறுபடி கேட்டால் கணக்கு முடக்கப்படும்.

அமராவதி_ஆறு | புதன், காலை 11:20

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் கண்டுபிடிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். கண்டுபிடித்து என்ன செய்வது என்பதை ஒரே முடிவாக வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது.

என் மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். ஐந்தாம் மாத ஸ்கேன் சுத்தமாக நார்மல். பிறந்த பிறகுதான் தெரிந்தது. டவுன் குழந்தைகள் பலருக்கு அந்த ஸ்கேனில் எதுவும் தெரியாமல் போகும் என்பதைக்கூட அதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன். உடுமலையில் எங்கள் கடையில் இன்றைக்கு அவன்தான் பில்லைக் கம்பியில் குத்துகிறான், தெரிந்தவர்கள் வந்தால் டீ சொல்கிறான், தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடுகிறான், அதில் எனக்குச் செலவு. பேச்சு வர நேரமானது, தைராய்டு மாத்திரை தினமும் உண்டு. கஷ்டமே இல்லை என்று கதை சொல்ல மாட்டேன்.

பரிசோதனை வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். முன்பே தெரிந்திருந்தால் பிறந்த முதல் மாதம் அவ்வளவு குழம்பியிருக்க மாட்டேன். எனக்கு உறுத்துவது என்னவென்றால், நார்மல் ரிப்போர்ட் வந்தவர்களைப் பார்த்து "தப்பிச்சுட்டீங்க" என்கிறார்கள். அப்படியானால் நான் மாட்டிக்கொண்டவளா? ஸ்கேன் ரூமில் ஒரு குறை தெரிந்தால் அடுத்த வாக்கியமே "கலைச்சிரலாம்" என்று வருகிறது. நடுவில் பேச வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. இந்தக் குறையோடு பிள்ளை எப்படி வளரும், என்ன வைத்தியம் உண்டு, அப்படி ஒரு பிள்ளையை வளர்க்கும் வீட்டைப் போய்ப் பார்க்க முடியுமா, இதையெல்லாம் சொல்லிவிட்டு முடிவைத் தாயிடம் விடுங்கள்.

வெள்ளகோவில்_வெயில் | புதன், மதியம் 12:05

அக்கா சொல்வது சரி. மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. எங்களுக்கு அனென்செபலி, மூன்றாம் மாதத்திலேயே தெரிந்தது. பிறந்தாலும் பிழைக்காது என்றார்கள். நாங்கள் தொடரவில்லை. அதற்காக எங்களை யாரும் குத்திப் பேசக் கூடாது என்றுதான் இத்தனை நாள் எங்கும் எழுதவில்லை.

அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே 5 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் போடச் சொன்னார்கள். சாதாரணமாக 400 மைக்ரோகிராம் போதுமாம், ஒரு தடவை இப்படி ஆனவர்களுக்கு அந்த அளவு. கரு உண்டாகி நான்கு வாரத்துக்குள் அந்த முதுகுக் குழாய் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போய் டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்குவதற்குள் அது முடிந்த வேலை. குழந்தைக்கு யோசிக்கும்போதே மாத்திரையை ஆரம்பித்துவிட வேண்டும். இதை எனக்கு முன்பே யாரும் சொல்லவில்லை.

நொய்யல்_கரை | புதன், மதியம் 12:40

வெள்ளகோவில், உங்களை யாரும் எதுவும் சொல்லவில்லை கண்ணு.

கருக்கலைப்புச் சட்டம் கேட்பவர்களுக்கு: 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டர் கருத்து, 20 முதல் 24 வரை கருவின் பெரிய குறை உட்பட சில காரணங்களுக்கு இரண்டு டாக்டர் கருத்து. 24-ஐத் தாண்டினால் கருவின் கடுமையான குறைக்கு மட்டும், அதுவும் மருத்துவக் குழு பார்த்துச் சொல்ல வேண்டும். நான் முதலில் 20-க்குள் என்று சொன்னது இதனால்தான்.

கொடிவேரி_அணை | புதன், இரவு 8:30

அமராவதி அக்கா கேட்டது மனதில் நிற்கிறது. கலைப்பதா வேண்டாமா என்ற இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி மனைவிக்கு 20 வாரத்தில் ஸ்கேன். நான்கு அறையும் நன்றாக இருக்கிறது, ஆனால் பெரிய ரத்தக் குழாய் இரண்டும் குறுக்கே கடக்காமல் பக்கத்தில் பக்கத்தில் நேராகப் போகின்றன என்றார்கள். மேலே டாக்டர் சொன்ன அதே இடம். கோயமுத்தூரில் குழந்தை இதய டாக்டரிடம் ஃபீட்டல் எக்கோ, அதாவது கருவின் இதயத்துக்கு மட்டுமான ஸ்கேன் எடுத்தோம். இடம் மாறிப் பொருந்திய குழாய்கள் என்று உறுதியானது. அவர் ஒரு தாளில் இதயத்தை வரைந்து, சிவப்புப் பேனாவும் நீலப் பேனாவும் வைத்துக் காட்டினார். வயிற்றுக்குள் இருக்கும் வரை குழந்தைக்கு ஒரு தொந்தரவும் இல்லை, நன்றாக எடை போடும், பிறந்ததும் அழும். பிறகு இயற்கையாக மூட வேண்டிய ஒரு சின்னக் குழாய் மூட ஆரம்பிக்கும்போது நீலமாகும். அது மூடாமல் இருக்க உடனே மருந்து ஏற்ற வேண்டும், தேவைப்பட்டால் இதயத்துக்குள் பலூன் விட்டு வழி பண்ண வேண்டும், முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் ஆபரேஷன். ஆபரேஷன் ஆனால் பெரும்பாலும் நன்றாக வளரும் என்றார்.

குழப்பம் எங்கே வந்தது தெரியுமா? கட்டுச்சோறு விருந்தில். ஏழாவது மாதம் கட்டுச்சோறு கட்டிப் பெண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள், முதல் பிரசவம் அங்கேதான். அவர்கள் ஊர் அந்தியூர்ப் பக்கம். "நான் பெத்த ஆஸ்பத்திரியிலயே அவளும் பெக்கட்டும், டாக்டரம்மா தங்கமானவங்க, பொறந்ததும் நீலமானா கோயமுத்தூர் கொண்டு போயிரலாம்" என்றார் அவள் அம்மா. அந்தியூரிலிருந்து கோவைக்கு நூறு கிலோமீட்டருக்குப் பக்கம், வழியெல்லாம் டிராஃபிக். குழந்தை நீலமான பிறகு அந்தத் தூரத்தை ஓடுவது வேறு, இதய ஆபரேஷன் நடக்கும் ஆஸ்பத்திரியிலேயே பிறப்பது வேறு. விருந்துக்கு வந்திருந்த இரண்டு பக்கமும் பேசி, குரல் உயர்ந்து, ஒரு மாமா பந்தியிலிருந்து எழுந்தே போய்விட்டார். கடைசியில் அந்த டாக்டரம்மாவே அவள் அம்மாவை உட்கார வைத்து, "இங்க அந்த மருந்தும் இல்ல, ஐ.சி.யூ.வும் இல்ல, நான் உங்க பொண்ணுக்கு நல்லது பண்ணணும்னா அனுப்பித்தான் ஆகணும்" என்றார். தங்கமானவர்தான்.

கோவையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு மாதம் அறை எடுத்துத் தங்கினார்கள். பிரசவம் சிசேரியனாகத்தான் ஆக வேண்டும் என்றில்லை, அவளுக்குச் சுகப்பிரசவமே ஆனது. குழந்தை டாக்டர் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். மருந்து முதல் மணி நேரத்திலேயே ஏறியது. ஆபரேஷன் செலவில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஒரு பங்கு தாங்கியது. பையன் இப்போது எல்.கே.ஜி., மார்பில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது.

ஆகவே புதிதாக ஸ்கேன் எடுப்பவர்களுக்குச் சொல்வேன்: ரிப்போர்ட்டை வாங்கியதும் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் வைத்துக்கொள்ளலாம்?" உதரவிதானத் துளைக்கும், குடல் வெளியே வந்த குழந்தைக்கும் இதேதான் பொருந்தும் என்று அங்கே சொன்னார்கள். அம்மா வீட்டுக்குப் போகும்போது எல்லா ஸ்கேன் தாளும் கூடப் போகட்டும்.

மஞ்சள்_மண்டி | புதன், இரவு 9:15

சரிங்க, இது நியாயமான உபயோகம். ஆனாலும் ஸ்கேன் சென்டர்காரர்கள் எல்லோரும் அந்த டாக்டரம்மா மாதிரி இல்லை.

கடம்பூர்_நர்ஸம்மா | வியாழன், மதியம் 3:10

சத்தியமங்கலத்துக்கு மேலே மலையில் கிராம சுகாதார செவிலியர். இங்கே பேசுகிறவர்கள் பாதிப் பேர் ஸ்கேனுக்கு ஆட்டோவில் போகிறவர்கள், அதனால் எங்கள் பக்கத்துப் பிரச்சினையைச் சொல்கிறேன்.

எங்களுக்குப் பெரிய தலைவலி தேதி. "கடைசியா எப்பம்மா தலைக்குளிச்சே" என்றால் "பண்ணாரி குண்டத்துக்கு முந்தின வாரம்" என்பார்கள், கோயில் தீமிதியைச் சொல்கிறார்கள். குண்டத்துக்கு முந்தின வாரமா, அதற்கும் முந்தின வாரமா? இரண்டு வாரம் பிசகினால் 20 என்று நாம் நினைப்பது 22 ஆகிவிடும். அதனால் நாள் தள்ளியதும் வந்து பதிவு செய்யச் சொல்கிறோம். முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டால் குழந்தை நீளத்தை வைத்து ஒரு வாரத்துக்குள் துல்லியமாகத் தேதி சொல்லிவிடுவார்கள். அந்தத் தேதியைப் பிறகு மாற்றக் கூடாது. நாலு ஸ்கேன் எடுத்து நாலு டெலிவரி தேதியோடு வருகிறார்கள், முதல் ஸ்கேன் தேதிதான் கணக்கு.

மாதா மாதம் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு டாக்டர் பார்க்கும் நாள், 2016-லிருந்து நடக்கிறது. அன்றைக்கு ஸ்கேனுக்கும் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். கூட்டம் இருக்கும், சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஐந்தாம் மாதத்துக்குச் சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை, பலர் பஸ்ஸில் ஏறியதிலிருந்து அடக்கிக்கொண்டு வருகிறார்கள் பாவம்.

சர்க்கரை இருப்பவர்கள் கர்ப்பத்துக்கு முன்பே அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். சர்க்கரை ஏறியிருக்கும்போது கரு உண்டானால் இதயக் குறை, முதுகுத்தண்டுக் குறை இரண்டும் அதிகம். நிறைய பேர் இதைக் கேட்டதே இல்லை என்கிறார்கள்.

சென்னிமலை_நூல் | வியாழன், மாலை 6:25

எல்லோருக்கும் நன்றிங்க. கொடிவேரி அண்ணன் எழுதியதை அத்தைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வரும் வாரம் அவரும் கூட வருகிறாராம், ஆனால் உள்ளே விடுவார்களா என்று கேட்கிறார்.

கடம்பூர்_நர்ஸம்மா | வியாழன், மாலை 6:50

அது அந்தந்த இடத்து வழக்கம். ஒருவரை விடுவார்கள், சில இடத்தில் யாரையும் விட மாட்டார்கள். ஆதார், பழைய ஸ்கேன், பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்) மூன்றையும் மறக்க வேண்டாம்.

அவிநாசி_ரோடு | வியாழன், இரவு 10:02

மன்னிக்கவும், இடையில் ஒரு அவசரக் கேள்வி. தங்கைக்கு 21 வாரம். மூளை நீரறை ஒரு பக்கம் 11 மில்லிமீட்டர் என்று வந்திருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். வயிற்றில் குழந்தை இருக்கும்போது அதற்குள் படுக்கலாமா?

கோவை_ஸ்கேன்ரூம் | வியாழன், இரவு 10:40

படுக்கலாம். எம்.ஆர்.ஐ.யிலும் எக்ஸ்ரே இல்லை, காந்தம்தான். படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தைக் கர்ப்பிணிக்குப் போட மாட்டோம். சத்தம் அதிகமாக இருக்கும், காதுக்கு அடைப்பான் கொடுப்பார்கள். மல்லாந்து படுக்க முடியாவிட்டால் இடது பக்கம் சாய்ந்து படுக்கக் கேளுங்கள்.

10-க்கு மேல் 12 வரை என்பது லேசான அளவு. வேறு குறை எதுவும் கூட இல்லை என்றால் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே வளர்கின்றன. அந்த "வேறு எதுவும் இல்லை" என்பதை உறுதி செய்யத்தான் எம்.ஆர்.ஐ., அம்மாவுக்குத் தொற்றுகளுக்கான ரத்தப் பரிசோதனை, வேண்டுமானால் குரோமோசோம் பரிசோதனை. அளவு கூடுகிறதா, நிற்கிறதா என்று சில வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்ப்பார்கள். 21 வாரம் என்பதால் நாளைக்கே வயிற்றிலிருக்கும் குழந்தையைப் பார்க்கும் ஃபீட்டல் மெடிசின் டாக்டரிடம் நேரம் வாங்குங்கள், திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.